சத்தம் போடாத வாத்தியார்

எண்பது பேர் மாங்கு மாங்கென்று வேலை செய்கிறார்கள். ஒருத்தர் மட்டும் எந்த வாத்தியத்தையும் தொடாமல், எதிரே நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் கைத்தட்டல் அவருக்கு. பூச்செண்டு அவருக்கு. மறுநாள் பேப்பரில் படமும் அவருக்கு.

ஆபீஸில் குப்பை கொட்டுகிற நமக்கு இந்தக் காட்சி புதுசா என்ன? நாம் அவரை மேனேஜர் என்கிறோம். வியன்னாவில் கண்டக்டர் என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசமா?

2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது இல்லையா? அது சனிக்கிழமை. திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் கேன்டீனில் வேறு பேச்சே கிடையாது. 'எழுதினது ராஜா சார். வாசிச்சது ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா. சரி, நடுவுல குச்சி வெச்சிருந்த வெள்ளைக்காரர் என்னதான்டா பண்ணினார்?' என்று அக்கவுன்ட்ஸ் பையன் ஒருத்தன் கேட்டான். பத்துப் பேர் இருந்தோம். பதினோரு பதில் வந்தது. பதினோராவது பதில் கேன்டீன் மாஸ்டருடையது: 'சூப்பர்வைசர் சார்!'

அந்த வருஷம் நவம்பரில் கம்பெனி வேலையாக மூன்று வாரம் என்னை வியன்னாவுக்கு அனுப்பினார்கள். கூடவே அந்தக் கேள்வியும் வந்தது. அதற்கு விசா தேவைப்படவில்லை.

*

வியன்னாவைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். மொஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட் மூவரும் கண்ணை மூடிய ஊர் வியன்னா. முதல்வர் 1791, அடுத்தவர் 1827, மூன்றாமவர் 1828.

அதில் மொஸார்ட் மட்டும் இன்னும் தெருவில் நடமாடுகிறார். ஸ்டெபான்ஸ் பிளாட்ஸ் என்று ஊர் நடுவே ஒரு சதுக்கம், அதில் ஒரு பெரிய சர்ச். அதன் வாசலில் வெள்ளை விக், சிவப்புக் கோட்டு, கால் சட்டையோடு நாலைந்து மொஸார்ட்டுகள். 'சார், எந்த ஊர்? இன்னிக்கு ராத்திரி கச்சேரி இருக்கு. டிஸ்கவுன்ட் தரேன்' என்று பின்னாலேயே வருகிறார்கள். ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வாசலில் கையைப் பிடித்து இழுப்பார்களே, அதேதான். என்ன, இவர்கள் விக் வைத்துக்கொண்டு இழுக்கிறார்கள்.

எனக்கு அங்கே கிடைத்த வழிகாட்டி கும்பகோணத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முப்பது வருஷமாக வியன்னாவாசி. குளிருக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் மஃப்ளர், அதற்கெல்லாம் அடியில் அசல் காவிரிக்கரைத் தமிழ்.

"தம்பி, விக் வெச்சவன்கிட்ட டிக்கெட் வாங்காதீங்க. அது டூரிஸ்ட்டுக்கு. நாம நின்னுக்கிட்டே கேப்போம்" என்றார்.

"ஏன் சார், உட்கார்ந்தா சங்கீதம் ஏறாதா?"

"ஏறும். உட்கார்ற டிக்கெட் விலையைப் பார்த்தா பிரஷரும் ஏறும்."

அரசு ஓபரா ஹாலில் முதல் முறையாக நின்றேன். நிற்கிற இடத்தில் வரிசையாகக் கம்பி. கம்பிக்குக் கம்பி யாரோ மஃப்ளரைக் கட்டிவிட்டு வெளியே காற்று வாங்கப் போயிருக்கிறார்கள். மஃப்ளர் இருந்தால் இடம் அவருடையது. எந்தக் கொம்பனும் தொடமாட்டான். பஸ் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிற கலையை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை அங்கே போய் வரலாம்.

*

கண்டக்டர் சந்தேகத்தை நான் கேட்டது மியூசிக் ஃபெரைன் வாசலில். 1870-ல் திறந்த கட்டடம். வருஷா வருஷம் ஜனவரி 1-ம் தேதி உலகம் முழுக்க டி.வி.யில் பார்க்கிற புத்தாண்டுக் கச்சேரி நடப்பது இதன் தங்க ஹாலில்தான். உட்கார 1,744 இடம். நிற்க சுமார் 300. தூண் தூணாகத் தங்கப் பெண்கள். ஹாலே ஒரு பெரிய வீணைக் குடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே வெற்றிடம், மேலே தொங்கவிட்ட கூரை. சத்தம் எங்கே பட்டாலும் இனித்துத் திரும்பி வரும்.

"சார், அந்தக் குச்சிக்காரர் என்னதான் பண்றார்?"

கும்பகோணத்துக்காரர் சிரிக்கவில்லை. "அதுக்கு ஒரு வாத்தியாரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். நடங்க, அஞ்சு நிமிஷம்" என்றார்.

லோத்ரிங்கர் தெரு. கான்ஸெர்ட் ஹவுஸ் என்ற இன்னொரு பெரிய சபாவை ஒட்டினாற்போல் 18-ம் நம்பர் கட்டடம். பார்த்தால் பழைய ஏஜீஸ் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் வியன்னா மியூசிக் அகாடமி குடியிருந்த இடம். (இப்போது அது பல்கலைக்கழகம். தலைமையிடம் பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குப் போய்விட்டது. மாடு கத்திய இடத்தில் இப்போது செல்லோ!)

"இங்கேதான் ஸ்வாரோவ்ஸ்கி கிளாஸ் எடுத்தார்" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது மன்னியின் லிஸ்ட். 'ஆஸ்திரியா போறே, ஒரு ஸ்வாரோவ்ஸ்கி கிரிஸ்டல் கம்மல் வாங்கிண்டு வா' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அது வேறு. கண்ணாடிக் கம்பெனி. இவர் ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கி. கண்டக்டர், வாத்தியார். இவரும் பட்டை தீட்டினவர்தான். கற்களை அல்ல.

*

1899 செப்டம்பர் 16-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அன்றைக்கு அதுவும் வியன்னாவும் ஒரே ராஜாங்கம். சங்கீத நுணுக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கும் ஆன்டன் வெபெர்னும். மேற்கத்திய இசையின் இலக்கணத்தையே கழற்றி மறுபடி மாட்டிய இருவர்.

ஷோன்பெர்க் பற்றி ஒரு தகவல் போதும். 1918-ல் புது இசைக்காக வியன்னாவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அங்கே கச்சேரியில் கைத்தட்டக்கூடாது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கேட்க வந்தாயா, கேள். அவ்வளவுதான். கைத்தட்டலைத் தடை செய்தவரிடம் பாடம் படித்தவர் நம்ம ஆள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வாரோவ்ஸ்கி கண்டக்டராக வேலை பார்த்தார். ஹாம்பர்க், பெர்லின், ஜூரிச் என்று ஓபரா ஹால்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற பெரிய இசையமைப்பாளரோடு நெருக்கம். 1942-ல் அரங்கேறிய ஸ்ட்ராஸின் கடைசி ஓபராவில் ஒரு பழைய பிரெஞ்சுக் கவிதை வரும். அதை ஜெர்மனில் பெயர்த்துக் கொடுத்தவர் இவர்.

1942 என்றவுடன் உங்களுக்கு உறுத்தும். உறுத்த வேண்டும். ஹிட்லர் காலம். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தின் கிராகோவ் நகரில், ஜெர்மன் நிர்வாகம் போலந்துக் கலைஞர்களை வைத்து நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இவர் கண்டக்டர். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் அந்த வரியும் இருக்கிறது. வியன்னாவில் எந்தப் பழைய கட்டடத்தைத் தட்டினாலும் உள்ளே இந்த மாதிரி ஒரு வரி கிடக்கிறது. யாரும் அதை அழிக்க முடியாது. அழிக்கவும் கூடாது.

யுத்தம் முடிந்தது. குண்டு விழுந்த ஊர். ஓபரா ஹாலே எரிந்து கிடந்தது. 1946-ல் அகாடமியில் கண்டக்டர் வகுப்புக்கு வாத்தியாராக வந்தார். 1975-ல் இறக்கும்வரை 29 வருஷம் அவர் பெயர் அந்த வகுப்போடுதான். நடுவில் கிராட்ஸ் ஓபரா, 1957 முதல் 1959 வரை ஸ்காட்லாந்தின் தேசிய ஆர்க்கெஸ்ட்ரா, பிறகு வியன்னா ஓபரா என்று குச்சியையும் கீழே வைக்கவில்லை. ஆனால் உலகம் அவர் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கியதா என்றால், இல்லை. அவர் இசைத்தட்டுகள் மலிவு விலை வரிசையில் வந்தன. 1968 ஆகஸ்டில் வாக்னரின் நாலு ராத்திரி ஓபராவை முழுசாக நியூரம்பெர்க்கில் பதிவு செய்தார். வாசிக்க வந்தவர்களில் பலர் செக்கோஸ்லோவாகியாக்காரர்கள். அதே மாதம் 21-ம் தேதி அவர்கள் ஊருக்குள் சோவியத் டாங்கி புகுந்தது! மனுஷன் ரெக்கார்டிங் போட்ட நேரம் அப்படி.

*

"சரி சார், வகுப்பிலே என்ன சொல்லிக் கொடுத்தார்? கையை எப்படி ஆட்டறதுன்னா?"

"எப்படி ஆட்டாம இருக்கறதுன்னு."

காபி ஹவுஸில் உட்கார்ந்தோம். மெலாஞ் என்ற பால் காபி வந்தது. கூடவே வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர். ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் உட்காரலாம். எழுந்து போ என்று சர்வர் முறைக்கமாட்டார். அவர் பொதுவாகவே முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அது வேறு.

கும்பகோணத்துக்காரர் ஸ்பூனைக் குச்சியாக்கிக் காட்டினார். நம் சபாவில் முன் வரிசை மாமாக்கள் தொடையில் தாளம் போடுகிறார்களே, அந்தக் கை பாட்டோடு சேர்ந்து விழும். சில மாமாக்களுக்குப் பாட்டுக்கு அப்புறம் விழும். கண்டக்டர் கை பாட்டுக்கு முன்னால் போகிறது. சத்தம் வருவதற்கு ஒரு அடி முன்பே அவர் கை மேலே எழும்பவேண்டும். அந்த ஒரு எழும்பலில் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், அதட்டலா கெஞ்சலா... எண்பது பேரும் அதைப் பார்த்துத்தான் மூச்சை இழுக்கிறார்கள்.

"பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனி தெரியுமில்ல? டட்ட டாம்?"

தெரியாமல் என்ன? 1808 டிசம்பரில் இதே ஊரில் 'தியேட்டர் ஆன் டெர் வீன்' என்ற ஹாலில், நடுங்கும் குளிரில், நாலு மணி நேரக் கச்சேரியில் முதல் முதலாக வாசிக்கப்பட்டது. ஹால் இன்னும் இருக்கிறது. நடந்தே போகலாம்.

"அதுல முதல் எழுத்து என்ன?"

"'ட' சார்."

"இல்ல தம்பி. முதல்ல ஒரு மௌனம். ஒரு குட்டி மௌனத்தை எழுதிட்டு, அதுக்கப்புறம்தான் அந்த மூணு தட்டு. அந்த மௌனத்துக்கு யாரு தாளம் போடறது? எண்பது பேரும் இல்லாத ஒரு சத்தத்தைச் சேர்ந்து கேட்டுட்டு, அப்புறம் சேர்ந்து அடிக்கணும். கொஞ்சம் பிசகினா தகரக் கொட்டாயில மழை பெஞ்ச மாதிரி ஆயிடும்."

இந்த இடத்தில் காபி ஆறிப்போனது. நான் கவனிக்கவில்லை.

ஸ்வாரோவ்ஸ்கியின் பாடத்தில் கை ரொம்பப் பின்னால்தான் வரும். முதலில் ஸ்கோர். இருபது வரிகளுக்கு மேல் ஒரே பக்கத்தில், மேலே புல்லாங்குழல், கீழே டபுள் பாஸ். கிளாரினெட்காரர் தாளில் ஒரு ஸ்வரம் எழுதியிருக்கும். காதில் விழுவது அதற்கு ஒரு படி கீழே. ஹார்னுக்கு வேறு கணக்கு. இத்தனையும் உள்ளுக்குள் சேர்ந்து கேட்கவேண்டும். அடுத்தது அளவு பிரிப்பது. நாலு அளவு ஒரு கொத்து, இன்னொரு நாலு ஒரு கொத்து, இங்கே ஏன் மூன்றே மூன்று, இங்கே ஏன் ஐந்து என்று முழு சிம்பொனியையும் எலும்பு எலும்பாகப் பிரித்துக் காட்டச் சொல்வார். எழுதியவன் எங்கே மூச்சு விட்டான் என்று தெரியாதவனுக்கு வாசிக்கிறவர்களை மூச்சு விடச் சொல்ல உரிமை கிடையாது. அதெல்லாம் தெரிந்த பிறகு? மணிக்கட்டு அசைந்தால் போதும். குதிப்பது, முடியைச் சிலுப்புவது, கண்ணை மூடி ஆகாயத்தைப் பார்ப்பது எதுவும் வேண்டாம். இறந்து நாலு வருஷம் கழித்து 1979-ல் அவர் எழுத்துகள் புத்தகமாக வந்தன. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வடிவத்தைக் காத்தல்'. தலைப்பிலேயே மனுஷர் தெரிகிறார்.

*

1954-ல் இந்த வகுப்புக்கு பம்பாயிலிருந்து பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். டாக்டர் ஆவான் என்று வீட்டில் எதிர்பார்த்த பையன். பெயர் ஜுபின் மேத்தா.

இவனுக்கு ஏற்கனவே ஒரு வாத்தியார் உண்டு, வீட்டிலேயே. அப்பா மெஹ்லி மேத்தா. பார்ஸிக்காரர், வயலின் வித்வான். 1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். ஜுபின் பிறந்தது 1936-ல். அதாவது அப்பாவின் மூத்த குழந்தை ஆர்க்கெஸ்ட்ரா! பிற்பாடு மெஹ்லி அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர்களுக்காக ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்து, 1964-லிருந்து 1998 வரை, தொண்ணூறு வயசு வரைக்கும் பையன்களையும் பெண்களையும் உருவாக்கிக்கொண்டே இருந்தார். 2002-ல் மறைந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

வியன்னாவில் ஜுபினுக்கு ஒரு கூட்டாளி. இத்தாலிக்காரர். க்ளாடியோ அப்பாடோ. (அப்பாடா இல்லை சார், அப்பாடோ.) மியூசிக் ஃபெரைனில் பெரிய பெரிய கண்டக்டர்கள் ஒத்திகை நடத்துவார்கள். மாணவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஹாலின் கோரஸில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள்! கட்டைக் குரல் வரிசை. பாடுகிற சாக்கில் கரயானையும் ப்ரூனோ வால்டரையும் நேருக்கு நேர் பார்த்துப் படித்தார்கள். காலேஜ் கட் அடித்துவிட்டு ஷூட்டிங் பார்க்கப் போகும் நம் பையன்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் கிளர்ச்சி. வாத்தியார் பிறந்த ஊரான புடாபெஸ்டில் டாங்கிகள். லட்சத்துக்கும் மேலான ஜனம் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் வந்தது. இருபது வயசு ஜுபின் ஏழே நாளில் மாணவர்களைச் சேர்த்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கட்டி, வியன்னாவுக்கு வெளியே ஓர் அகதி முகாமில் போய்க் கச்சேரி நடத்தினார். கூரை கூட இல்லாமல் நிற்கிறவர்களுக்கு சிம்பொனி எதற்கு என்று கேட்கலாம். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் ஏழு நாளில் அதைச் செய்ய ஒரு பையனால் முடிந்தது என்றால், அவன் கைக்குள் யாரோ ரெண்டு வருஷமாக எதையோ வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

1958-ல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. அப்புறம் மான்ட்ரியால், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல். அப்பாடோ மிலானின் லா ஸ்காலா, பிறகு வியன்னா ஓபரா, பிறகு பெர்லின். இவர்களுக்குப் பின்னால் அதே வாத்தியாரிடம் லாட்வியாவிலிருந்து மாரிஸ் யான்சன்ஸ், புடாபெஸ்டிலிருந்து இவான் ஃபிஷர்...

"ஒரு கணக்குப் போடுங்க தம்பி" என்றார் கும்பகோணத்துக்காரர். "நீங்கதான் எக்ஸெல் ஷீட் ஆளாச்சே."

போட்டேன். உலகமே பார்க்கிற அந்தப் புத்தாண்டுக் கச்சேரி. மேத்தா ஐந்து முறை: 1990, 1995, 1998, 2007, 2015. அப்பாடோ இரண்டு: 1988, 1991. யான்சன்ஸ் மூன்று: 2006, 2012, 2016. ஆக, ஒரே வாத்தியாரின் மூன்று சிஷ்யர்கள், பத்துக் கச்சேரி.

"வாத்தியார் எத்தனை சார்?"

"ஒண்ணுகூட இல்ல."

*

அவர் ஏன் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

71-ம் நம்பர் டிராமில் சென்ட்ரல் சுடுகாட்டுக்குப் போனோம். வியன்னாவில் ஒருத்தர் '71 பிடித்துவிட்டார்' என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டோடு பிடித்தோம். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராஸ் எல்லோரும் அக்கம்பக்கத்தில். சமாதிகளில் புதுப் பூ. கொஞ்சம் தள்ளி ஷோன்பெர்க். சாய்த்து வைத்த ஒரு வெள்ளைக் கல். 1951-ல் அமெரிக்காவில் இறந்தவரின் அஸ்தியை 1974-ல் இங்கே கொண்டுவந்தார்களாம். அங்கே பூ இல்லை. கைத்தட்டலே வேண்டாம் என்றவருக்குப் பூ எதற்கு?

திரும்பி நடக்கும்போது அவராகவே சொன்னார். "எம் பொண்ணு வயலின் படிச்சா தம்பி. இந்த ஊர்லதான். பிரமாதமா வாசிப்பா. ஆர்க்கெஸ்ட்ராவுல சேர டெஸ்ட் வெப்பாங்க. முன்னாடி ஒரு திரை கட்டிடுவாங்க. வாசிக்கறது யாருன்னு தெரியக்கூடாதுன்னு. மூணு தடவை திரைக்குப் பின்னாடி நின்னு வாசிச்சா. மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப ஒரு ஸ்கூல்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தரா. எனக்குத்தான் ஆறல. ஊருக்குப் போனா 'பொண்ணு என்ன பண்றா'ம்பாங்க. 'டீச்சர்'னு சொல்லும்போது தொண்டை கம்மும். ஒருநாள் அவகிட்டயே கேட்டுட்டேன், 'ஏம்மா, மேடை கிடைக்கலைன்னு வருத்தமா இல்லையா'ன்னு. அன்னிக்கு அவதான் இந்த ஸ்வாரோவ்ஸ்கி கதையைச் சொன்னா. அவர் கிளாஸ் நடந்த கட்டடத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா."

"ஆறிச்சா சார்?"

"பாதி" என்றார்.

*

கடைசி வாரம் மியூசிக் ஃபெரைனில் நின்றேன். ஒரு மெலாஞ்சும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிடுகிற காசு. (இடைவேளைக் கேன்டீனில் அடை அவியல் கிடையாது. விரல் நீளத்துக்கு ரொட்டி. ரெண்டு கடியில் காலி.) பீத்தோவன் ஐந்து. விளக்கு மங்கியது. கண்டக்டர் வந்தார், குனிந்தார், திரும்பினார். முதுகு. இந்தத் தடவை நான் முதுகைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

அது எழும்பியது. எண்பது தலைகள் ஒரு நூல் அளவு நிமிர்ந்தன. ஹால் முழுக்க ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அந்த எழுதப்பட்ட மௌனத்தை நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். அப்புறம்தான் இடி விழுந்தது.

முடிந்ததும் கைத்தட்டல். கண்டக்டர் தனக்கு வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஓபோக்காரரைக் கைகாட்டி எழுப்பினார். ஹார்ன்காரரை எழுப்பினார். கடைசி வரிசையில் டிம்பனி அடித்தவரை எழுப்பினார். பிறகு எல்லோரையும். (நம்ம மேனேஜர்கள் அப்ரைஸல் சமயத்தில் ஒரு தடவை வியன்னா போய் வந்தால் தேவலை.) ஆனால் இவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்களை எழுப்ப அந்த ஹாலில் வழக்கமில்லை. அவர்கள் எந்தெந்த ஊரில் எந்தெந்த மாடி அறையில் இருக்கிறார்களோ!

வெளியே வரும்போது கும்பகோணத்துக்காரர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே, "நாளைக்குச் சாயங்காலம் எம் பொண்ணோட பசங்க ஸ்கூல்ல வாசிக்கறாங்க. நானும் இதுவரைக்கும் போனதில்ல. கூட வரீங்களா?" என்று கேட்டார்.

போனோம். தங்க ஹால் இல்லை. ஜிம் வகுப்பு நடக்கும் ஹால். மூலையில் கூடைப் பந்து வளையம். எட்டுப் பிள்ளைகள், எட்டு வயலின், பாதி பேருக்கு முன்பல் இல்லை. அப்பா அம்மாக்கள் பெஞ்சில். அந்தப் பெண் மேடை ஏறவில்லை. குச்சி இல்லை. ஓரமாக ஒரு சின்ன நாற்காலியில், பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, மடியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

ஹால் அடங்கியது. எட்டு வில்லும் தந்தி மேல். எட்டு ஜோடிக் கண்களும் அவள் மேல்.

அவள் முகத்தை லேசாக நிமிர்த்தி மூச்சை உள்ளே இழுத்தாள். எட்டுப் பிள்ளைகளும் கூடவே இழுத்தார்கள்.

பக்கத்தில் பார்த்தேன். கும்பகோணத்துக்காரரும் இழுத்தார்.